முதலில் தமிழில் கேளுங்கள்: நீலகிரியின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் டீச்சர்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், நாங்கள் லைன் என்று சொல்வதில், பிறந்து வளர்ந்தவள். பத்து வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் ஆங்கிலக் கடிதங்கள் டைப் செய்தேன். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போர்டு மாட்டவில்லை, காசும் வாங்குவதில்லை. நீங்கள் பகலில் நடத்திய பாடத்தைத்தான் ராத்திரி அவர்கள் நோட்டோடு என்னிடம் கொண்டுவருகிறார்கள், ஆகையால் நீங்கள் எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று அந்த நோட்டுகளைப் பார்த்தே எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, படுக மொழி பேசும் பிள்ளை, கூடலூர் பக்கம் என்றால் மலையாளமும் பணியர் மொழியும் பேசும் பிள்ளை, இவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஆங்கிலம் நடத்துவது லேசான வேலை இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் நாம் பிள்ளைகளைச் சுற்றுவழியில் கூட்டிப்போகிறோம் என்று உறுதியாக நினைக்கிறேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இணைப்புச் சொற்களைத்தான் சொல்கிறேன். அண்ட், பட், ஸோ, பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ், ஹவெவர். பாடத்தில் கனெக்டர்ஸ் என்று வரும், கைடில் லிங்கர்ஸ் என்று வரும், பழைய இலக்கணத்தில் கன்ஜங்ஷன்.

போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் நர்ஸிங் படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாள். தன்னைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். "மை ஃபாதர் டைட். மை மதர் ப்ளக்ஸ் டீ லீவ்ஸ். ஐ ஸ்டடி வெல். ஐ வான்ட் டு பிகம் எ நர்ஸ்." இப்படியே பத்துப் பன்னிரண்டு வாக்கியம். ஒரு எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் படித்து முடித்ததும் அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் தனித்தனிக் கல்லாகக் கிடந்தது. பேப்பரை மூடி வைத்துவிட்டு, "சரி, இதையே எனக்குத் தமிழில் சொல்லும்மா" என்றேன். மூச்சு விடாமல் சொன்னாள்: "அப்பா நான் ஏழாவது படிக்கறப்பவே தவறிட்டாருக்கா. ஆனாலும் அம்மா ஒரு நாள்கூட என்னை இலை எடுக்கக் கூப்பிட்டதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பாத்துக்கிட்ட நர்ஸக்காவைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு."

அவள் வாயில் எத்தனை இணைப்பு வந்தது, பாருங்கள். படிக்கறப்பவே, ஆனாலும், ஒரு நாள்கூட, இருந்தப்ப, பாத்துத்தான். அம்மாவின் பிடிவாதம் முழுக்க அந்த ஒரு 'ஆனாலும்' உள்ளேதான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அதுதான் காணாமல் போயிருக்கிறது. இத்தனைக்கும் 'கம்பைன் யூஸிங் ஆல்தோ' என்று கேள்வித்தாளில் கேட்டால் இந்தப் பெண் முழு மார்க் வாங்குகிறவள். பரீட்சைக்கு வந்த ஆல்தோ, தன் சொந்தக் கதையை எழுதும்போது ஏன் வரவில்லை? இந்தக் கேள்விதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது.

நம் மொழியில் இணைப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். "மழை பெய்ததால் பஸ் வரவில்லை." காரணத்தைச் சொல்லும் 'ஆல்' வினைச்சொல்லின் வாலில் ஒட்டியிருக்கிறது. பெய்தால், பெய்தாலும், பெய்யாவிட்டால், பெய்யும்போது, பெய்யும்வரை, பெய்வதற்குள், எல்லாம் அப்படியே. இப்படி ஒட்டிவரும் ஆல், உம் போன்ற இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனியாக நடக்கும் இயல்பு அதற்கு இல்லை என்று தொல்காப்பியம் இடையியலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. படுக மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், மலையாளத்திலும் அப்படித்தான், ஆகவே நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் இதுதான் பழக்கம். ஆங்கிலத்திலோ பிகாஸ், ஆல்தோ, இஃப் எல்லாம் தனிச்சொல்லாக, பகுதியின் தலையில் நிற்கின்றன.

நான் இதை ரயிலை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். சமவெளி ரயிலில் இன்ஜின் முன்னால் நின்று இழுக்கும். தமிழ் வாக்கியத்தின் காரணப் பகுதிக்கு இன்ஜின் பின்னால், 'பெய்த-தால்'. ஆங்கிலத்தில் அதே பகுதிக்கு இன்ஜின் முன்னால், 'பிகாஸ் இட் ரெயின்டு'. குன்னூர் ஸ்டேஷனில் நின்று பார்த்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால், நீங்கள் வருடம் முழுக்க சிவப்பு மையில் அடிக்கிற பிழைகளில் பாதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஆல்தோ போட்டுவிட்டு நடுவில் பட் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆல்தோ இட் ரெயின்டு, பட் வீ வென்ட்." 'ஆல்தோ வந்தால் பட் வராது' என்று விதி சொல்லி அடித்துவிடுகிறோம். பிள்ளை ஏன் அங்கே பட் போட்டது? தமிழில் "மழை பெய்தாலும் போனோம்" என்றால் அந்த 'ஆலும்' நட்டநடுவில், இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆல்தோ முதலுக்கு ஓடிவிட்டது, சேருமிடம் காலியாகக் கிடக்கிறது. காலி இடத்தில் ஏதாவது வைத்தால்தான் வாக்கியம் நிற்கும் என்று பிள்ளையின் காது சொல்கிறது, அதனால் பட் வைக்கிறது. பிகாஸ் போட்டுவிட்டு நடுவில் ஸோ போடுவதும் இதே கதைதான். அந்தக் காலி இடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கமா போதும் என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. விதியை மட்டும் சொன்னால் பரீட்சை வரை நிற்கும், காரணத்தைச் சொன்னால் அதற்குப் பிறகும் நிற்கிறது, என் கூடத்தில் நான் கண்ணால் பார்த்தது இது.

அன்லெஸ் இன்னும் மோசம். 2009 நவம்பரில் மலையெங்கும் மண்சரிவு வந்ததே, அப்போது நான் ஆபீஸில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ரோடு திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை லாரி வராது என்று தூள் வாங்குகிறவருக்கு எழுதச் சொன்னார் மேனேஜர். "அன்லெஸ் தி ரோடு இஸ் நாட் ஓபன்டு, தி லாரி வில் நாட் கம்" என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன். ரோடு திறந்தால் லாரி வராது என்று அதற்கு அர்த்தம். அவர் குழம்பிப்போய் போன் செய்தார், மேனேஜர் என்னைத் திட்டினார், ஆனால் எங்கே தப்பு என்று அந்த ஆபீஸில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பல வருடம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. 'திறக்காவிட்டால்' என்ற தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே ஒரு இல்லை இருக்கிறது. அன்லெஸ் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு இல்லை இருக்கிறது. நான் தமிழில் இருந்த இல்லையையும் தூக்கிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் இரண்டாம் தடவை வைத்துவிட்டேன். "அவன் வராத வரை" என்பதை "அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதும் பிள்ளையும் அதையேதான் செய்கிறது. அந்த 'நாட்' என்ற சொல்லை அடிக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்றும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

'பிகாஸ் ஆஃப் தி பஸ் வாஸ் லேட்' என்ற பிழையும் தினமும் வருகிறது. தமிழில் 'மழையால்' என்று பெயரிலும் 'ஆல்' ஒட்டும், 'மழை பெய்ததால்' என்று வினையிலும் அதே 'ஆல்' ஒட்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு பிகாஸ் ஆஃப், எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியத்துக்கு வெறும் பிகாஸ். நம் ஒரு கதவு அங்கே இரண்டு கதவு. 'ஆலும்' என்பதும் அப்படித்தான். "மழை பெய்தாலும் மேட்ச் நடக்கும்", "மழை பெய்தாலும் மேட்ச் நடந்தது." முதல் வாக்கியத்தில் மழை இன்னும் வரவில்லை, அதற்கு ஈவன் இஃப். இரண்டாவதில் பெய்தே விட்டது, அதற்கு ஆல்தோ. "மழை பெஞ்சுருச்சா, இனிமேதானா?" என்று ஒரு கேள்வி கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே சரியான சொல்லை எடுத்துவிடும்.

நம் பிள்ளைகள் கட்டுரையில் ஆஃப்டர் தட், ஆஃப்டர் தட் என்று அடுக்குவதும் சோம்பேறித்தனத்தால் வருவது அல்ல. "எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்தேன்" என்று நான்கு வினையெச்சத்தை வரிசையாகக் கோத்து ஒரே வினைமுற்றில் முடிப்பது நமக்கு மிகவும் இயல்பு. ஆங்கிலத்தில் அந்த எச்சத்துக்கு நேரான சாமான் கிடையாது, அதனால் பிள்ளை 'அப்புறம்' என்பதைப் பிடித்துக்கொள்கிறது. அதேபோல அண்ட். நம் 'உம்' செய்கிற வேலைகளைத் தொல்காப்பியம் எட்டாகப் பிரிக்கிறது. எண்ணுவது அதில் ஒன்றுதான். "அவனும் வந்தான்", "எல்லோரும் வந்தார்கள்", "குரங்கும் மரத்திலிருந்து விழும்" என்று ஒவ்வொரு உம்முக்கும் ஒவ்வொரு வேலை, எல்லாவற்றையும் அண்ட் தாங்காது. இதையெல்லாம் சொல்ல உங்கள் பக்கத்து வகுப்பிலேயே தமிழாசிரியர் இருக்கிறார். வருடத்தில் ஒரே ஒரு பீரியட் நீங்கள் இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று இடைச்சொல்லையும் கன்ஜங்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினால் எப்படி இருக்கும்? இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம்.

இப்போது, வாக்கியங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற நாம் கொடுக்கிற அந்த டேபிளுக்கு வருகிறேன். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று பத்தி. இன் ஸ்பைட் ஆஃப் என்றால் பட், பட் என்றால் தோ. பிகாஸ் ஆஃப் என்றால் ஸோ, ஸோ என்றால் ஆஸ் அல்லது சின்ஸ். டூ–டு என்றால் வெரி–அண்ட் ஸோ, அது என்றால் ஸோ–தட். ஆன் போட்டு ஐஎன்ஜி வந்தால் அண்ட் அட் ஒன்ஸ், பிறகு ஆஸ் ஸூன் ஆஸ். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். மார்க் வருகிறது, அதை நான் குறைத்து மதிக்கவில்லை, லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு மார்க்கும் முக்கியம். ஆனால் அந்த டேபிள் ஒரு இணைப்பை இன்னொரு இணைப்பாக மாற்றத்தான் கற்றுக்கொடுக்கிறது. இரண்டு எண்ணங்களுக்கு நடுவே என்ன உறவு இருக்கிறது என்று பிள்ளையிடம் அது கேட்பதே இல்லை, உறவை ஏற்கெனவே கேள்வித்தாள் தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறது. அந்த நர்ஸிங் பெண்ணுக்கு யாரும் தீர்மானித்துக் கொடுக்கவில்லை, அங்கேதான் அவள் கை நின்றுவிட்டது.

இரண்டு வாக்கியம் தருகிறேன். "தி ரோடு வாஸ் ப்ளாக்டு. வீ வாக்டு டு ஸ்கூல்." மண்சரிவில் ரோடு மூடியது, நாங்கள் பள்ளிக்கு நடந்து போனோம். எது சரியான இணைப்பு? என் கூடத்தில் இதைக் கேட்டபோது பாதிப் பேர் ஸோ என்றார்கள், பாதிப் பேர் பட் என்றார்கள், பெரிய சண்டையே நடந்தது. ஸோ என்ற பையனைக் கேட்டேன். "ரோடு இல்லன்னா பஸ் வராதுல்லக்கா, அதான் நடந்தோம்." அவன் காரணம் சொல்கிறான், லேட்டானதற்கு டீச்சரிடம் சொல்கிற விளக்கம் அது. பட் என்ற பெண்ணைக் கேட்டேன். "ரோடு மூடினா எல்லாரும் லீவு போட்டுருவாங்க, நாங்க விடாம போனோம்." அவள் பெருமையைச் சொல்கிறாள். இரண்டும் சரி! அதே ரோடு, அதே நடை, நடுவில் வைத்த ஒரு சின்னச் சொல்லில் இரண்டு பிள்ளைகளின் மனசும் தனித்தனியாகத் தெரிகிறது. மூன்றாவதாக ஒரு சின்னப் பையன், "அண்ட் போட்டா என்னக்கா?" என்றான். போடலாம், இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் "நீ என்ன நெனச்சேன்னு அண்ட் சொல்லாதுப்பா" என்றேன். யோசித்துவிட்டு ஆல்தோவுக்கு மாறினான். வைல் போட்டால் என்ன ஆகும், அன்டில் போட்டால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு அவர்களே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கூடத்தைப் பூட்டும்போது ஒன்பது மணி.

நீங்கள் வைக்கும் மாதத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று, வையுங்கள். இரண்டு விடைக்கும் மார்க் கொடுங்கள், ஏன் அந்தச் சொல் என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லி அதற்கும் ஒரு மார்க். பொதுத்தேர்வுத் தாள் உங்கள் கையில் இல்லை, மாதத் தேர்வு உங்கள் கையில்தானே இருக்கிறது. டேபிளை எடுத்துப் போடச் சொல்லவில்லை, அதைக் கடைசியில் கொடுங்கள்.

பெரிய வகுப்புகளைப் பற்றி எனக்கு வேறு ஒரு வருத்தம். மோரோவர், ஃபர்தர்மோர், நெவர்தலெஸ், ஆன் தி அதர் ஹேண்ட் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, கட்டுரையில் இவை வந்தால் மார்க் வரும் என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் கடுகு தாளித்த மாதிரி தூவுகிறார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிய கட்டுரையில் மோரோவருக்கு முன்னால் ஒரு விஷயம், பின்னால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு விஷயம். மோரோவர் என்றால் சொன்னதற்கு மேல் இன்னொரு வலுவான காரணம் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது, ஆன் தி அதர் ஹேண்ட் என்றால் மறுபக்கத்தைக் காட்டுகிறேன் என்பது. காட்டாவிட்டால் படிக்கிறவர் ஏமாந்து நிற்பார். நல்ல பத்தியில் பல இடங்களில் இந்தச் சொற்கள் தேவையே இல்லை, முன் வாக்கியத்தின் ஒரு சொல்லைப் பின் வாக்கியம் எடுத்துக்கொண்டு போனாலே தொடர்பு நின்றுவிடும். ஹவெவர், தேர்ஃபோர் வரும்போது மட்டும் நிறுத்தற்குறியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொடுங்கள். முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் கமா. பட் மாதிரி நினைத்து இரண்டு பக்கமும் கமா போட்டு முழு வாக்கியங்களை ஒட்டவைத்துவிடுகிறார்கள், காலேஜ் முடித்தவர்கள்கூட.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். பிகாஸ், பட், அண்ட் என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று பல பிள்ளைகள் என்னிடம் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் இல்லை. 1611-ல் அச்சான ஆங்கில வேதாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்தால் பெரும்பாலான வசனங்கள் அண்ட் என்றுதான் தொடங்குகின்றன. "வொய் ஆர் யூ லேட்?" என்பதற்கு "பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்" என்று பாதியில் நிறுத்தி எழுதிவிடுவார்களே என்ற பயத்தில் யாரோ ஒரு காலத்தில் போட்ட வேலி அது. நம் பிள்ளைக்கு அந்த வேலி இரட்டைக் கஷ்டம், ஏனென்றால் தமிழில் காரணம் முதலில் வரும், காரியம் பிறகு. "பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்டு தி டெஸ்ட்" என்று எழுதினால் அவள் யோசிக்கும் வரிசையும் ஆங்கிலமும் அழகாகப் பொருந்துகின்றன. அந்த ஒரே வாசலையும் சாத்திவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை அன்று ராத்திரி உட்கார்ந்து திருத்தினோம். நான் ஒரு வார்த்தைகூட எழுதித் தரவில்லை. தமிழில் சொன்ன ஒவ்வொரு வாலுக்கும் ஆங்கிலத்தில் ஒரு தலை தேடச் சொன்னேன். படிக்கறப்பவே என்பதற்கு வென், ஆனாலும் என்பதற்கு ஆல்தோ, பாத்துத்தான் என்பதற்கு ரொம்ப நேரம் யோசித்து பிகாஸ். கடைசியில் முதல் வாக்கியம் இப்படி வந்தது: "ஆல்தோ மை ஃபாதர் டைட் வென் ஐ வாஸ் இன் தி செவன்த் ஸ்டாண்டர்டு, மை மதர் நெவர் ஆஸ்க்டு மீ டு ப்ளக் லீவ்ஸ்." அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதுதாங்க்கா நான் சொல்ல வந்தது" என்றாள். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை அது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் ரோடுகள் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, உங்களில் பலர் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள் என்பதும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்துக்கு வாருங்கள். உங்கள் மாதத் தேர்வுத் தாளையும் ஒரு காப்பி எடுத்துவாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். டீ நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரி பக்கத்திலிருந்து உங்கள் பிள்ளைகளின் மாலை வகுப்பு அக்கா